சேரியின் உயரம்: கீரப்பாளையத்திலிருந்து ஒரு வெள்ள வரைபட வரலாறு

(நினைவுச் சொற்பொழிவின் விரிவாக்கப்பட்ட எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் வெள்ள வரைபடம் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். இலக்கிய அமைப்பின் மேடையில் பொறியாளர்கள் பேசவேண்டிய பொருளா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான தயக்கம்தான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் பிறந்த ஒரு தலித்துக்கு வெள்ளம் பொறியியலாக அறிமுகமாவதில்லை. அது முதலில் பாட்டியின் பேச்சாகத்தான் வருகிறது. எந்த வருடத்துத் தண்ணீர் எந்த வீட்டுத் திண்ணைவரை ஏறியது, யார் வீட்டு ஆடு போயிற்று, பள்ளிக்கூடத்துச் சாவியைக் கொடுக்க யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருவில் வாய்மொழி வரலாறு. இன்று அரசு அதே செய்திகளைக் கணினியில் வண்ணம் தீட்டி வரைபடமாகத் தயாரிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை.

கீரப்பாளையம் ஒன்றியத்தில் இருக்கும் என் ஊருக்கு நீங்கள் வந்தால் தார்ச்சாலையில் நின்று பாருங்கள். ஊர்த்தெருவில் வீடுகளின் வாசற்படி உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கும். சேரிப்பக்கம் திரும்பினால் வாசற்படி உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது சாலைக்கும் எங்கள் தெருவுக்கும் ஓரடி வித்தியாசம் இருந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஜல்லியைக் கொட்டிப் போட்டார்கள். இப்போது மூன்றடி. சாலைக்கு அந்தப் பக்கம் வடிய வேண்டிய தண்ணீர் இந்தப் பக்கம் நிற்கிறது. இந்த மூன்றடியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இது நமக்குத் தேவைப்படும்.

வெளியூர் மாணவர்களுக்காக நிலவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஐந்தும் கடலூர் மாவட்டக் கரையில்தான் கடலில் சேர்கின்றன. மேற்கே எங்கு மழை பெய்தாலும் அதன் கணக்கு இங்கே தீர்க்கப்படுகிறது. கீரப்பாளையம் சிதம்பரத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் இருக்கிறது. மேற்கே வீராணம் ஏரி, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். கடல் பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே 'கடலோரப் பாதிப்பு' என்று தலைப்பிட்ட வரைபடங்களில் எங்கள் ஒன்றியம் பெரும்பாலும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் அல்லது இருக்காது. ஆனால் எங்கள் வெள்ளத்தைத் தீர்மானிப்பது கடல்தான். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் மட்டமே இந்தக் கரையில் உயர்ந்து நிற்கும். ஓதமும் சேர்ந்துகொண்டால் வெள்ளாற்று முகத்திலும் உப்பனாற்றிலும் தண்ணீர் உள்ளே தள்ளப்படும். அப்போது வடிகால்கள் ஓடாது. எங்கள் ஊர்க்காரர்கள் இதை "கடல் தண்ணி வாங்கல" என்ற மூன்று சொற்களில் சொல்லிவிடுவார்கள். வல்லுநர்கள் இதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதுகிறார்கள்.

இனி வரலாறு. வீராணத்தைப் பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தான் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப் பெயர்தான் வீராணம் ஆயிற்று. சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் இந்த ஏரியின் கரையை மண் சுமந்து எழுப்பியவர்கள் யார் என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்குச் சோழர் ஆவணங்களிலேயே சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. வரி விதிக்கப்படாத நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் தனியே பெயர் குறித்துக் கழிக்கப்படுகிறது. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்நத்தம் ஓரிடம், சேரி வேறிடம். இந்தப் பிரிவினை மக்கள் மனத்தில் மட்டும் இருந்த வழக்கமல்ல. அரசின் அளவைக் கணக்கில் ஏறிய உண்மை.

இலக்கியச் சான்று ஒன்றும் இருக்கிறது, அதுவும் நம் பகுதியிலிருந்தே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் நந்தனாரின் ஊரான கொள்ளிடக்கரை ஆதனூரை வருணிக்கும்போது புலைப்பாடியை ஊருக்குப் புறத்தே, வயலை ஒட்டி வைக்கிறார். அந்தக் குடிசைகளின் மேல் படர்ந்த சுரைக்கொடியைப் பற்றியும் அங்கே விளையாடும் குழந்தைகளைப் பற்றியும் நம் தமிழாசிரியர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். வயலை ஒட்டி என்பதன் பொருளைப் பேசியதில்லை. நஞ்சை வயல் தண்ணீர் தேங்குவதற்காகவே தாழ்வாக வைக்கப்பட்ட நிலம். அதை ஒட்டிய குடியிருப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? ஆற்றுப்படுகை ஊர்களில் மேடான இடம் குறைவு. இருக்கும் மேட்டில் கோயிலும் ஊர்நத்தமும் அமைந்துவிட்டால் மிச்சமாவது வாய்க்காலின் கடைமடையும் வயலின் விளிம்பும்தான். எல்லா ஊர்களிலும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன், விதிவிலக்குகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விதிவிலக்கு என்று சுட்டிக் காட்டும் அளவுக்கு அவை குறைவு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வெள்ளத்துக்கு முதலில் பலியாகும் இடத்தில் வைக்கப்பட்ட மக்களிடம்தான் தண்ணீரின் நிர்வாகமும் இருந்தது. மடையைத் திறப்பது, வரப்பை வெட்டி விடுவது, ஏரிக்கரையில் இரவு முழுக்கக் காவல் இருப்பது ஆகிய வேலைகளைச் செய்த நீர்க்கட்டி, கம்புகட்டி போன்ற ஊழியர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், சாதி மாறாது. எந்த மடையைத் திறந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாழிகையில் தண்ணீர் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ள எச்சரிக்கையைப் பறையடித்துச் சொன்னவர்களும் அவர்களே. தண்டோரா போடுவதை நிறுத்தவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அரசு அறிவுறுத்தியது சரியான முடிவு. இழிவாகச் சுமத்தப்பட்ட வேலை போகட்டும். அதோடு சேர்ந்திருந்த நீரறிவை எழுதி வைக்க ஒருவரும் வரவில்லை என்பது என் வருத்தம்.

வெள்ளையர் ஆட்சியில் ஆறு மாறியது. 1836ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு உறுதியான நீர் வந்தது. நெல் பெருகியது, வரி பெருகியது. காட்டனைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு; அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் உறுதியான நீர் நிலத்தின் விலையை ஏற்றியது, மிராசுதாரரின் பிடியை இறுக்கியது. மிராசு முறையில் பண்ணையாளின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாரருக்கே சொந்தம். கூலி கேட்டால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லலாம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தின் மையத்தில் விளைநிலத்தோடு குடியிருப்பு மனையும் இருந்தது என்பதைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன்.

1920களில் தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்டோருக்கு மனைகள் வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் இன்னொருவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையையே உடைமையாக்கியது. 1978இல் ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை, ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் இவற்றில் ஒரு சிக்கல் தெரிகிறது. குடியிருக்கும் இடத்தையே பட்டாவாக்கும் சட்டம், குடியிருக்கும் பள்ளத்தையும் சேர்த்துப் பட்டாவாக்குகிறது. மனைக்காக நிலம் எடுக்கும்போது விலை குறைந்த நிலம், உரிமையாளர் எதிர்க்காத நிலம் எது என்று தேடுகிறார்கள். அது பெரும்பாலும் வடிகாலுக்குப் பக்கத்து நஞ்சையாக இருக்கும். மண் அடித்து உயர்த்தாமலேயே அதில் தொகுப்பு வீடு கட்டுவார்கள். முன்பு மிராசுதார் காட்டிய தாழ்ந்த இடத்தைப் பிறகு அரசாங்கம் காட்டியது. எல்.இளையபெருமாள் காட்டுமன்னார்கோவில்காரர். அவர் தலைமையிலான தீண்டாமை பற்றிய குழு 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை கொடுத்தது. தனிக் குடியிருப்பு நீடிக்கும்வரை தீண்டாமை நீடிக்கும் என்ற வாதத்தை இந்தியா முழுக்க எடுத்துச் சென்றவர், வீராணத்தின் உபரி நீர் ஓடும் பகுதியில் பிறந்தவர் என்பது எனக்கு எப்போதும் பொருளுள்ளதாகப் படும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கரை அறிவியலாளர்களின் ஆய்வுக்களம் ஆனது. பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். பிச்சாவரம் காட்டின் புகழ் உலகெங்கும் பரவியது அப்போதுதான். மறு ஆண்டு வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுகணக்குப் போட்டு, கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமுமே பெரும்பங்கு வகித்தன, காட்டின் பங்கு அவ்வளவு தெளிவில்லை என்றார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு இதில் அக்கறையான செய்தி வேறு. யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதைத் தரையின் உயரம் தீர்மானிக்கிறது என்று இரு தரப்பு அறிவியலாளர்களும் பேசும்போது, அந்த உயரத்தில் யார் குடியேற்றப்பட்டார் என்ற கேள்வியை இரு தரப்புமே எழுப்பவில்லை. அது அவர்கள் துறையில்லை என்று சொல்லலாம். அப்படியானால் யார் துறை?

நிவாரணத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். படகும் வலையும் இழந்தவர்களுக்கு இழப்பீட்டுக் கணக்கு இருந்தது. கரையில் மீன்கூடை சுமந்தவர், உப்பேறிய வயலில் கூலி இழந்த பெண், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் ஆகியோர் இழந்தது கணக்குப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை. நிவாரணத்தில் சாதி பார்க்காமல் நடந்துகொண்டோம் என்று தொண்டு நிறுவனங்கள் பெருமைப்பட்டபோது, அந்தப் பாராமுகமே தலித்துகளை மேலும் விலக்கியது என்று 2007இல் டிம் கில் ஓர் அறிக்கையில் எழுதினார். 2005 டிசம்பரில் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல பிரிவு. தோழர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெள்ளம் வந்த பிறகு பேசும் சட்டம். அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு மாவட்டத் திட்டத்தில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அங்கே சாதி என்ற சொல் இல்லை. வரைபடம் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

2015 நவம்பர் 9, 10 தேதிகளில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களை ஓடைவெள்ளம் இரவில் அடித்துப் போனது. தெற்கே வீராணத்தின் உபரி நீர் வெள்ளியங்கால் ஓடை வழியாகத் திருநாரையூர், குமராட்சிப் பகுதிகளில் புகுந்தது. 2004இலிருந்து வீராணம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. தலைநகருக்காக ஏரியை எப்போதும் நிறைத்து வைக்கவேண்டிய கட்டாயம் இருக்கும்போது, மழை வந்தால் வாங்கிக்கொள்ள ஏரியில் இடமிருக்காது என்பது விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை. நெய்வேலிச் சுரங்க நீரும் மண்மேடுகளும் பரவனாற்றை என்ன செய்தன என்பது இன்னொரு நீண்ட கதை. இன்று அதற்குள் போகவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பின் தலித் அமைப்புகள் கடலூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய கணக்கெடுப்புகள், சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் சாலையோடு திரும்பிப் போனதைப் பதிவு செய்தன.

என் சொந்த அனுபவம் ஒன்று. அந்த நவம்பரில் எங்கள் தெரு மக்கள் ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டாம் நாள் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். கையில் ஒரு வரைபட நகல். எங்கள் தெருவை அதில் காட்டச் சொன்னேன். தேடினார், காணவில்லை. வயல் என்று பச்சை அடித்திருந்த இடத்தில் விரலை வைத்து "இங்கதான் இருக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "எங்கள வயல்லயா எழுதி வெச்சிருக்கீங்க, அதான் தண்ணிய வுட்டீங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார், நாங்களும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை.

அந்த வரைபடம் ஏன் அப்படி இருந்தது? ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் 2012இல் நாட்டின் கடற்கரை முழுவதற்கும் பாதிப்புக் குறியீட்டு வரைபடத் தொகுதி வெளியிட்டது. மதிப்பிற்குரிய முயற்சி. அதில் எடுத்துக்கொண்ட அளவைகள் ஏழு: கடல்மட்டம் உயரும் வேகம், கரையின் சரிவு, கரையின் உயரம், கரையோரம் மாறும் வேகம், அலையின் உயரம், ஓத வீச்சு, நிலவடிவம். ஏழும் இயற்கை பற்றியவை. மனிதர் யாரும் இல்லாத கரைக்கும் இந்தக் குறியீட்டைப் போடலாம், அதே விடைதான் வரும். அதன் அளவுத்திட்டம் ஒரு லட்சத்துக்கு ஒன்று. தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். அறுபது வீடுகள் உள்ள ஒரு சேரி இருநூறு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளில் அது இரண்டு மில்லிமீட்டர். ஊரும் சேரியும் ஒரே வண்ணத்தில்தான் விழும்.

உயரக் கணக்கிலும் இதே கதை. இதுபோன்ற வரைபடங்கள் பலவற்றுக்கு அடிப்படை 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ராடாரால் எடுத்த உயரத் தரவு. ராடார் தரையைப் பார்ப்பதற்கு முன் மரத்தின் உச்சியையும் கூரையையும் பார்த்துவிடுகிறது. இந்தத் தரவு கடலோரங்களில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்த்திக் காட்டுகிறது என்று 2019இல் கல்ப், ஸ்ட்ராஸ் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதைத் திருத்தியபோது உலகில் ஆபத்திலிருக்கும் மக்களின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. இரண்டு மீட்டர் என்பது ஆறரை அடி. நம் கணக்கு மூன்றடி. சாலைக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்றடி, செயற்கைக்கோளின் பிழைக்குள்ளேயே மூழ்கிவிடுகிறது.

வெள்ளத்தின்போதே ராடார் செயற்கைக்கோளால் படமெடுத்து நீர் நின்ற பரப்பை வரையும் முறையும் இருக்கிறது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால் வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரை அது சரியாகப் பிடிப்பதில்லை. இன்னொன்று நம் பகுதிக்கே உரியது. நவம்பரில் சம்பா வயலில் எப்படியும் தண்ணீர் நிற்கும். பயிர் உயிரோடு நிற்கும் வயலையும், மூழ்கிப் போன வயலையும், வயலோடு வயலாக மூழ்கிய தெருவையும் மேலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. இதற்கு எதிர்முனையில் வருவாய்த் துறையின் புலப்படம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எல்லைக் கோடு, கல், நீள அகலம் எல்லாம் அதில் உண்டு. உயரம் மட்டும் கிடையாது. ஒரு வரைபடத்தில் உயரம் உண்டு, ஆளில்லை. இன்னொன்றில் யாருடைய மனை என்று உண்டு, உயரமில்லை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால்தான் சாதியின் உயரம் தெரியவரும்.

தமிழ்நாட்டுப் பேரிடர் மேலாண்மைத் துறை மாநிலம் முழுவதும் 4,133 இடங்களைப் பாதிப்புக்குள்ளாகக் கூடியவை என்று பட்டியலிட்டது. அவற்றில் மிக அதிக ஆபத்துள்ளவை 321, அதிக ஆபத்து 797, நடுத்தரம் 1,096, குறைவு 1,919. இந்தப் பட்டியல் ஊர்ப்பெயரால் அமைந்தது என்பதால் வண்ணப் படத்தைவிட நமக்குப் பயனுள்ளது என்றே நினைக்கிறேன். மாணவர்கள் தங்கள் மாவட்டப் பேரிடர்த் திட்டத்தை எடுத்து, அதில் இருக்கும் பெயர்களில் எத்தனை காலனி, எத்தனை இருளர் குடியிருப்பு, எத்தனை தெரு என்று எண்ணிப் பார்க்கலாம். ஊராட்சியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் ஏறினால் போதும் என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2005இல் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. 2006 ஜனவரியில் நகர மறுசீரமைப்புக் குழுவின் வரைபடம் ஒன்று நாளிதழில் வந்தது. பூங்காவாக மாற்றக்கூடிய தாழ்வான பகுதிகளைப் பச்சை வட்டங்களால் குறித்திருந்தார்கள். வட்டங்களுக்குள் இருந்த பல பகுதிகளில் கறுப்பினத்தவர் வீடுகள். அவர்கள் அந்த வரைபடத்தை வெளியேற்ற நோட்டீசாகப் படித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாறு, கூவம் கரைக் குடிசைவாசிகளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி. ஒரு பள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு பள்ளத்தில் வைப்பதற்கு வெள்ள வரைபடம் ஆதாரமாகப் பயன்பட்டது. அதே நகரத்தில் அதே சதுப்புநிலத்தின் மேல் எழுந்த மென்பொருள் நிறுவனக் கட்டடங்கள் எங்கும் அனுப்பப்படவில்லை. ஆகவே 'ஆபத்தான பகுதி' என்று நம் தெருவைக் குறிக்கச் சொல்வதற்கு முன், குறித்தபின் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மண்ணடித்து உயர்த்துவதா, வடிகால் வெட்டுவதா, ஊர்நத்தத்தை ஒட்டிய மேட்டில் மனை கொடுப்பதா, அல்லது பத்து கிலோமீட்டர் தள்ளி எறிவதா? மூன்றாவது வழியைப் பற்றி நான் பேசினால் கூட்டத்தில் எப்போதும் ஒரு மௌனம் விழும். வெள்ளத் தடுப்பில் செலவு குறைந்த வழி அதுதான்.

வரைபடங்கள் உள்ளாட்சிகளுக்கு உதவும் என்று அரசும் உலக வங்கியும் சொல்கின்றன. உள்ளாட்சி என்றால் யார்? 2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட படம் வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கீரப்பாளையத்திலிருந்து அந்த ஊர் தொலைவில் இல்லை. நாற்காலி மறுக்கப்பட்ட தலைவரின் மேசைக்கு வரைபடம் எப்படி வந்து சேரும்? எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது, எந்தப் பள்ளிக்கூடத்தை முகாமாக்குவது என்ற முடிவை யார் எடுத்திருப்பார்கள்? எழுபத்து மூன்றாவது திருத்தம் கொடுத்த இடஒதுக்கீடு வெள்ள நிர்வாகத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை ஒரு மாணவர் ஆய்வாகவே எடுக்கலாம்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஆனால் வரலாற்று மாணவனாக ஒரு கவலை. பறைச்சேரி என்று கல்வெட்டில் இருந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முன் அது தனியே இருந்தது என்று இன்று நிரூபிக்க முடிகிறது. பெயரை மாற்றும்போது எந்த சர்வே எண்ணில் எந்த மக்கள் எத்தனை அடி தாழ்வில் குடிவைக்கப்பட்டார்கள் என்ற பதிவை நாமாவது பத்திரப்படுத்த வேண்டும். புதிய பெயர் வைத்த நகருக்குள்ளும் தண்ணீர் பழைய வழியிலேயே வரும்.

அதை எப்படிச் செய்வது? எங்கள் தெருவில் கடந்த கோடையில் நான்கு மாணவர்களோடு செய்து பார்த்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப் ஒன்று, அளவு நாடா, புலப்படத்தின் நகல். இணையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் புலப்படம் கிடைக்கிறது. தார்ச்சாலையின் நடுக்கோட்டைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் அதற்கு எத்தனை அங்குலம் கீழே அல்லது மேலே என்று அளந்து அந்தந்த மனை எண்ணில் எழுதினோம். சேரிக்கு ஒரு நாள், ஊர்த்தெருவுக்கு இரண்டு நாள். ஊர்த்தெருவில் சிலர் ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளத்துக்காக என்றோம், விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் மோர் கூடக் கொடுத்தார்கள். பிறகு பெரியவர்களை உட்காரவைத்து 2005 தண்ணீர், 2015 தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கைவைத்துக் காட்டச் சொன்னோம். அதையும் அளந்தோம். பழைய நீர்க்கட்டி ஒருவர், எண்பது வயதைத் தாண்டியவர், புலப்படத்தில் வாய்க்கால் என்று போட்டிருந்த ஒரு கோட்டைப் பார்த்து, இது இப்போது அங்கே இல்லை, ஒரு வீட்டுக்கு அடியில் போகிறது என்றார். போய்ப் பார்த்தோம், சரியாக இருந்தது.

அந்தத் தாள் இப்போது எங்களிடம் இருக்கிறது. அரசின் வண்ணப் படத்தோடு ஒப்பிட்டால் அழகில்லாதது. கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடவேண்டும் என்று 2022இல் விதி வந்தது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கூட்டத்துக்குள் பருவமழை தொடங்கிவிடும், அப்போது யாரும் வரைபடம் பார்க்கமாட்டார்கள். அதனால் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வைத்து, மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் சேர்க்கக் கோரும் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். தவறினால் அக்டோபர் 2. டியூபும் நாடாவும் என்னிடம் உள்ளன. பக்கத்து ஊர்த் தோழர்கள் கேட்டால் தருகிறேன், கூட வந்து பிடிக்கவும் தயார். ஓராள் பிடித்தால் மட்டம் நிற்காது.